எம் மவன் குரல் இல்ல இது

கேப்லின் ஆர்ம், நியூஃபவுண்ட்லாந்து
2 நவம்பர் 1973

ஏல அல்ஃபி,

ஒங்கூட இனிப் பேசவே கூடாதுன்னுதான் இருந்தேன். இப்பவும் ஆசைப்பட்டு எழுதல. எழுத வேண்டிய கட்டாயம் வந்துட்டு, எழுதுதேன்.

அம்மையோட எடது கால் கெட்டுப் போச்சு. சக்கர வியாதி இருக்குன்னு ஒனக்குத் தெரியும். செப்டம்பர்ல கருவாடு காயப்போடுத பரண்ல ஒரு ஆணி குத்திருக்கு, யாருகிட்டயும் மூச்சு விடல. கந்தத் துணியச் சுத்திக்கிட்டு அவ பாட்டுக்கு நடந்துகிட்டுத் திரிஞ்சா. நாத்தம் வந்த பொறவுதான் நான் புடிச்சு உக்காத்திப் பாத்தேன். பெருவெரல் கருத்துக் கெடக்கு. கண்ணும் இப்பம் புகை மூட்டமாத்தான் தெரியுதாம். நர்ஸ் பெவரிட்ஜ் படகுல வந்து பாத்துட்டு, செயின்ட் ஜான்ஸ் பெரியாஸ்பத்திரிக்கு உடனே போகணும்னு சொல்லிட்டா. இப்பம் போனா பாதத்தோட போகுமாம். தள்ளிப்போட்டா முட்டி வரைக்கும் எடுக்கணுமாம். அதுக்கு மேலயும் தள்ளிப்போட்டா ஆளே மிஞ்சாதாம்.

அம்மை மாட்டேங்கா. "ஒங்கப்பன ஹாலிஃபாக்ஸுக்குக் கொண்டு போனீங்க, கனடாக்காரன் பெட்டில வச்சுத் திருப்பி அனுப்புனான்"னு சொல்லுதா. செயின்ட் ஜான்ஸ் நம்ம ஊருதான அம்மைன்னா, "ஆஸ்பத்திரியெல்லாம் இப்பம் அவன் கையிலதான இருக்கு"ங்கா. தனியா இருந்த நம்ம நாடு கனடாவோட சேந்து இருவத்தி நாலு வருசமாச்சு, இவளுக்கு இன்னும் கனடான்னா எதுத்த வீட்டுக்காரன்தான். அவன் மாசாமாசம் அனுப்புத முதியோர் பணத்த மட்டும் ஒரு நாள் பிந்துனாலும் ஹேவர்ட் மாமா கடைக்கு ஆள் விட்டுக் கேப்பா.

ஆனா ஒண்ணு சொன்னா. "எம் மவன் சொல்லட்டும், நான் போறேன்"னு. அப்பா பெட்டி வந்து எறங்குன அன்னைக்கு படகுத்துறைல நீ அவளக் கட்டிக்கிட்டு, நான் சொல்லாம ஒன்ன எவனும் எங்கயும் கொண்டு போக முடியாதுன்னு சொன்னியாமே. அப்பம் நீ பதினெட்டு வயசுப் பய. அவ அதப் புடிச்சுக்கிட்டு நிக்கா.

ஏப்ரல்ல நீ வானொலில செஞ்ச காரியத்தப் பத்தி நான் இப்பம் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஓட்டப் படகுக்குத் தண்ணி வெளிய போக இன்னொரு ஓட்ட போட்டானாம் நியூஃபி, நம்மூர்க்காரனுக்கு அவங்க வச்ச கேலிப் பேரு. அதுவும் நம்ம பேச்சப் பேசிக் காட்டி. அம்மை அடுப்புகிட்ட உக்காந்து கேட்டுகிட்டுத்தான் இருந்தா. "எவம்ல அது, நம்மளக் கேலி பண்ணுத நாய்"னு கேட்டா. ஆலன் கீன்னு எவனோன்னு சொல்லிட்டேன். அதுதான ஒம் பேரு அங்கன.

வார பதினெட்டாம் தேதி ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஹேவர்ட் மாமா கடைக்குப் போன் போடு. அம்மையத் தூக்கிட்டு வந்து வச்சிருப்போம். ஒரு வார்த்த சொல்லு. அது போதும்.

ஃபீனா


டொரான்டோ
11 நவம்பர் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவின் உடல்நிலை அறிந்து மிகவும் கவலையடைந்தேன். இங்குள்ள மருத்துவர் ஒருவரிடமும் விசாரித்தேன். நர்ஸ் சொன்னதையேதான் அவரும் சொன்னார். பதினெட்டாம் தேதி நிச்சயம் தொலைபேசியில் பேசுகிறேன்.

நேரில் வர இயலாத நிலையில் இருக்கிறேன். டிசம்பர் கடைசியில் நாடு முழுவதற்குமான இரவுச் செய்திக்கு வாசிப்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறு ஆண்டுகளாக நான் காத்திருக்கும் இடம் அது. எங்கள் மேலதிகாரி ஹால்டேன் அடிக்கடி சொல்வார், இந்த நாட்டின் குரலில் எந்த ஊரும் தெரியக் கூடாது என்று. என் குரலில் எதுவும் தெரியவில்லை என்பதுதான் என்னிடம் அவருக்குப் பிடித்தது. நான் இந்த மாகாணத்துக் கிங்ஸ்டன் பக்கத்தவன் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். நான் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

ஏப்ரல் விஷயத்தைத் தாங்கள் பெரிதுபடுத்துகிறீர்கள். அது வெறும் வேடிக்கை. எல்லோரும் சொல்கிறார்கள், ஹால்டேன் என்னையும் சொல்லச் சொன்னார். தயங்கியிருந்தால் ஏன் தயங்குகிறான் என்று யோசித்திருப்பார்.

நான் இங்கு வந்த புதிதில் தங்கியிருந்த வீட்டில், இரவுச் சாப்பாட்டின்போது உப்பைத் தள்ளுங்கள் என்று கேட்டால் மேசை முழுவதும் சிரிக்கும். வீட்டுக்காரம்மாள் விருந்தாளிகளை அழைத்துவந்து, "இன்னொரு தடவை கேள்" என்பாள். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் உப்பில்லாமல் சாப்பிட்டேன். அறைக்குள் வானொலியை வைத்துக்கொண்டு அவர்கள் பேசுவதைப்போலவே பேசிப் பழகினேன். அதைத் தவறென்று தாங்கள் சொல்வீர்களானால் சொல்லுங்கள்.

அம்மாவிடம் நான் பேசினால் ஒப்புக்கொள்வார். கவலை வேண்டாம்.

தங்கள் அன்புத் தம்பி,
அல்ஃபியஸ்


கேப்லின் ஆர்ம்
19 நவம்பர் 1973

அல்ஃபி,

'தாங்களாம்', 'தங்களாம்'. என் கையப் புடிச்சு வெளிக்கிப் போன பய நீ. ஒன் கடுதாசிய வாசிச்சா கோர்ட்டு நோட்டீசு வந்த மாதிரி இருக்கு. அதுகூடப் போகட்டும்.

நேத்து நடந்தத நீ ஒரு பக்கத்துலதான் கேட்ட. இந்தப் பக்கம் என்ன நடந்துதுன்னு சொல்லுதேன்.

மீன் சொமக்குத தட்டில ரெண்டு மெத்தயப் போட்டு, அவள அதுல உக்காத்தி, முன்னால ஒங்க அத்தான் கார்லண்டும் பின்னால அவரு தம்பி செல்பியும் தூக்கிட்டுப் போனாங்க. நல்ல சட்ட போடணும்னு அடம் புடிச்சு சர்ச்சுக்குப் போடுத நீலச் சட்டையப் போட்டிருந்தா. மவன் போன்ல பாக்கவா போறான்னு கேட்டதுக்கு, "ஒனக்கு என்ன தெரியும்"னு சொல்லிட்டா. கடைல ஊர்ல பாதிப் பேரு வந்து நின்னாச்சு. ஹேவர்ட் மாமா ரேடியோவ நிப்பாட்டி, எல்லாரையும் வாயப் பொத்தச் சொல்லிட்டாரு.

மணி அடிச்சுது. அம்மை ரெண்டு கையாலயும் வாங்கிக் காதுல வச்சா. மொகம் அப்படி மலந்து கெடந்துச்சு. நீ பேசுன. கொஞ்ச நேரம் கேட்டா. அந்த மொகம் அப்படியே வாடிப் போறத நான் பாத்தேன். நீ எதோ சொல்லிக்கிட்டே இருக்க, அவ போன எங்கிட்ட நீட்டிட்டா.

"எவனோ கனடாக்காரன். ஆஸ்பத்திரில இருந்து பேசுதான் போல. நல்லா மரியாதையாத்தான் பேசுதான். எம் மவன் குரல் இல்ல இது."

அம்மை, அல்ஃபிதான்னு நான் சொன்னேன். அவ என்னப் பாத்தா பாரு. அந்தக் கண்ணுக்கு ஒண்ணும் சரியாத் தெரியாது, ஆனாலும் பாத்தா. "என்ன ஏமாத்துதியா ஃபீனா"ன்னு கேட்டா. ஹேவர்ட் மாமா தலையக் கவுந்துகிட்டாரு.

இப்பம் நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டேங்கா. ஒன் கடுதாசிய வாசிச்சுக் காட்டுனா, நானாக் கட்டிச் சொல்லுதேங்கா. நர்சு வந்தா கால மறைச்சுக்கிடுதா. எல்லாம் நாங்க சேந்து சதி பண்ணுதோம்னு ஆயிட்டு.

ரெண்டாந்தேதி ஞாயித்துக்கிழம திரும்பப் போடு. நம்ம பேச்சுல பேசு. படகுத்துறைல நின்னு கத்துவியே, அந்த மாதிரி. ஒம்மேல எனக்குள்ள கோவத்தையெல்லாம் பொட்டில வச்சுப் பூட்டிட்டுக் கேக்கேன். தயவு பண்ணு. பெருவெரலுக்குப் பக்கத்து வெரலும் கருக்க ஆரம்பிச்சிட்டு.

ஃபீனா


டொரான்டோ
3 டிசம்பர் 1973

அக்கா,

நீங்கள் இதை வாசிக்கும்போது என்மீது காறித் துப்பத் தோன்றும். துப்புங்கள்.

நான் பழகிப் பார்க்காமல் பேசவில்லை. ஒரு வாரம் முழுக்க, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் பேசிப் பார்த்தேன். படகைப் பற்றி, பனியைப் பற்றி, அப்பா நம்மைத் திட்டும் விதத்தைப் பற்றி. வருகிறது என்றுதான் நினைத்தேன்.

அம்மாவின் மூச்சு தொலைபேசியில் கேட்டது. வாயைத் திறந்தேன். வெளியே வந்தது அந்த வானொலிக் கோமாளி. எல்லாச் சொல்லும் சரி. ஆனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடுதலாக இழுத்து, கொஞ்சம் கூடுதலாக வளைத்து, யாரோ சிரிப்பதற்காகக் காத்திருக்கும் குரல். எனக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் வேறு எந்தக் குரலில் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா சொன்னது எனக்குக் கேட்டது. "ரேடியோல நம்மளக் கேலி பண்ணுதவன். என் காலப் பாத்தும் சிரிப்பு வருதா ஒனக்கு." பிறகு அழுதார். அப்பா இறந்தபோது கூட அம்மா சத்தமாக அழுது நான் கேட்டதில்லை. பிறகு நீங்கள் வாங்கிப் பேசினீர்கள், நான் வைத்துவிட்டேன்.

இங்கே சென்ற வாரம் அமெரிக்காவிலிருந்து ஒரு ஒலிப்பொறியாளர் வந்திருந்தார். நாங்கள் எல்லோரும் பனிக்குடிசையில் இருந்து வருகிறோமா, மன்னிப்புக் கேட்காமல் எங்களுக்கு மூச்சு விட வருமா என்று கேட்டு, எங்கள் பேச்சை எங்களுக்கே பேசிக் காட்டினார். ஹால்டேனின் முகம் சிவந்துவிட்டது. நாட்டையே அவமானப்படுத்திவிட்டான் என்று மதியம் வரை பொருமினார். சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு ஒரு புது நியூஃபி ஜோக் சொன்னார். நான் சிரித்தேன். பழக்கம் அக்கா. முழங்காலில் தட்டினால் கால் தூக்குவதைப்போல.

அந்தப் பழைய பேச்சு எனக்குள் எங்கோ இருக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். கேலிக்காக எடுத்து எடுத்து அது கேலியாகவே ஆகிவிட்டது. இப்போது என்னிடம் அம்மாவுக்குக் கொடுக்க ஒரு குரலும் இல்லை.

வேறு வழி ஏதாவது சொல்லுங்கள். பாதிரியாரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். என் சின்ன வயதுப் படத்தைக் காட்டுங்கள். இல்லையென்றால் மயக்க மருந்து கொடுத்தாவது கொண்டுபோக முடியாதா.

அல்ஃபியஸ்


கேப்லின் ஆர்ம்
11 டிசம்பர் 1973

அல்ஃபி,

மயக்க மருந்து குடுத்துக் கொண்டு போகணுமாம். ஆடா அவ, மாடா.

கண்ணு தெரியாதவகிட்டப் படத்தக் காட்டச் சொல்லுத. பாதிரியார் வந்தாரு. அவரும் கனடாகிட்டச் சம்பளம் வாங்குத ஆளுதானன்னு கேட்டுட்டா. சர்ச்சுதான் சம்பளம் குடுக்குன்னு அவரு சொல்லி முடிக்கங்குள்ள மொகத்தத் திருப்பிக்கிட்டா.

நேத்து கட்டு மாத்தும்போது ஒரு வெரல் துணியோட வந்துட்டு. வலிக்கலன்னு சொல்லுதா. வலிக்கலன்னாதான் மோசம்னு நர்சு சொல்லுதா. வீட்டுக்குள்ள அந்த வாடை. சன்னலத் தெறந்தாக் குளிரு, மூடுனா நாத்தம். பிள்ளைங்க ஆச்சி ரூமுக்குப் போக மாட்டேங்குதுங்க. நான் போறேன். நான் கழுவுதேன். கழுவுத என் கையப் புடிச்சுக்கிட்டு, "நீயும் அவங்களோட சேந்துட்டியா புள்ள"ன்னு கேக்கா. ஒரு வாட்டி ரெண்டு வாட்டி இல்ல, கட்டு மாத்தும்போதெல்லாம் கேக்கா.

கரைல ஐஸ் கட்ட ஆரம்பிச்சிட்டு. கடைசிக் கப்பல் ஜனவரி எட்டாந்தேதி. அத விட்டா மே மாசம். நடுவுல விமானம் எறங்குறதெல்லாம் வானம் மனசு வச்சாதான்.

நான் ஒனக்கு ஒருநாளும் கெஞ்சி எழுதுனதில்ல. நீ படிக்கப் போனப்பக்கூட, போனாப் போன்னுதான் சொன்னேன். இப்பம் கெஞ்சுதேன். வந்து நில்லு. ஒங்குரல் பிடிக்கலன்னா ஒன் கையப் புடிச்சுப் பாக்கட்டும், மொகத்தத் தடவிப் பாக்கட்டும். நீ அவ வயித்துல கெடந்தவன், எப்படியும் தெரியும். ஒன் ராத்திரிச் செய்திய வேற எவனாவது வாசிப்பான். இவ காலுக்கு நீ ஒருத்தன்தான்.

ஃபீனா


டொரான்டோ
18 டிசம்பர் 1973

அக்கா,

வருகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்தாலும் சேரலாம். காண்டர் வரை விமானம், அங்கிருந்து எது கிடைக்கிறதோ அது.

ஹால்டேனிடம் விடுப்புக் கேட்டேன். எங்கே என்றார். வீட்டுக்கு என்றேன். கிங்ஸ்டனுக்கு எதற்கு மூன்று வாரம் என்றார். சொல்லிவிட்டேன். முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு அறைக்கதவைத் திறந்து மற்றவர்களைக் கூப்பிட்டார். "நம்ம ஆலன் ஒரு நியூஃபியாம். இத்தனை வருஷமா நம்ம கூடவே இருந்திருக்கான். எங்க, ஏதாவது பேசிக் காட்டு." எல்லோரும் நல்லவர்கள்தான், அன்பாகத்தான் சிரித்தார்கள். உப்பு கேட்ட மேசை நினைவுக்கு வந்தது. நான் ஒன்றும் பேசிக் காட்டவில்லை. பேசிக் காட்ட ஒன்றும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியாது.

செய்தி இடம் வேறொருவருக்குப் போகிறது. அதைப் பற்றிப் பிறகு துக்கப்பட்டுக்கொள்கிறேன். நான் வரும்வரை அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். சொன்னால் வேறொருவனை வேடம் போட்டுக் கூட்டி வருகிறீர்கள் என்பார்.

அல்ஃபி


செயின்ட் ஜான்ஸ்
14 ஜனவரி 1974

ஃபீனா அக்கா,

அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. தொடை வரைக்கும் எடுத்துவிட்டார்கள். நவம்பரில் வந்திருந்தால் பாதத்தோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. கணக்குச் சொல்வதைப்போலச் சொன்னார். காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டாவது மருந்து போட்டிருக்கிறார்கள்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னிடம் நேரில் சொல்ல வாய் வராமல் போனதை எழுதிவிடுகிறேன்.

நான் வந்து வாசலில் நின்றபோது அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தாளே, நீ பக்கத்தில்தான் இருந்தாய். உள்ளங்கையைத் தடவினாள், விரலைத் தடவினாள். பிறகு ரொம்ப மரியாதையாகக் கையை விட்டாள். "மெத்துன்னு இருக்கு. எழுதுத கை. தொரைக்கு நல்ல நாற்காலியப் போடு ஃபீனா." முகத்தைத் தொடச் சொன்னேன், அந்நிய ஆம்பளை முகத்தைத் தொடுவேனா என்று சிரித்தாள். மூன்று நாள் நான் அந்த வீட்டில் தொரையாக இருந்தேன். தங்க விளிம்புக் கோப்பையில் எனக்கு டீ. கருவாட்டில் முள்ளில்லாத துண்டு எனக்கு. "தொரைக்குக் குளிரும், இன்னொரு போர்வை குடு." என் அம்மா ஜென்மத்தில் எனக்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்தேன்.

பிறகு கிறிஸ்துமஸ் வேஷம் கட்டி வீடு வீடாகப் போய், ஆள் யாரென்று கண்டுபிடிக்கச் சொல்லும் நாட்கள் வந்தன. மூலையில் உட்கார்ந்திருந்த என்னைக் கார்லண்ட் அத்தான் கொட்டகைக்கு இழுத்துப் போனார். "சும்மா தொரை மாதிரி உக்காந்து என்னல பண்ணப் போற, வா." அப்பாவின் எண்ணெய்க் கோட்டை மாட்டி, முதுகில் தலையணையைத் திணித்து, பூட்ஸைக் கால் மாற்றிப் போட்டு, முகத்துக்கு உன் சன்னல் சரிகைத் துணியைக் கட்டினார். செல்பி உன் பாவாடையைக் கட்டிக்கொண்டான். ஐந்து பேர் கதவைத் தட்டி, "வேஷக்காரங்க உள்ள வரலாமா" என்று மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு கேட்டோம். எல்லோரும் பேசுவதைப்போல வெளியே விட்டுப் பேசினால் குரலில் ஆள் தெரிந்துவிடும் என்று சின்ன வயதில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அப்படி. நீ அடுப்புப் பக்கம் நின்று பார்த்தாய். துணிக்கு உள்ளே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது.

அந்த உள்மூச்சுப் பேச்சை நான் டொரான்டோவில் ஒருநாளும் பேசியதில்லை. எவனும் என்னைக் கேட்டதில்லை, எவனும் சிரித்ததில்லை, நானும் யாருக்கும் பேசிக் காட்டியதில்லை. அங்கே இப்படி ஒன்று இருப்பதே எவனுக்கும் தெரியாது. வாயைத் திறந்து மூச்சை இழுத்ததும் அது வந்துவிட்டது. ஒன்பது வயதில் விட்ட இடத்திலிருந்து.

அம்மா ஒவ்வொருத்தனாகக் கண்டுபிடித்தாள். "இது செல்பி, மொழங்கால் சொடுக்குதே." "இது கார்லண்ட், என் வீட்டு ரம்மக் குடிச்சுட்டு என் வீட்டுக்கே வந்திருக்கான்." அவர்கள் துணியைத் தூக்கினார்கள், எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் வந்ததும் மணிக்கட்டைப் பிடித்தாள். பேசச் சொன்னாள். பேசினேன். என்ன பேசினேன் என்றே நினைவில்லை, கேக்கு வேண்டும் என்று கேட்டேன் போலிருக்கிறது. இன்னும் பேசு என்றாள். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"நடுவுல விக்குது. மூச்ச இழுக்கும்போது பாதில விக்கிட்டு அப்பறம் போகுது. எம் மவன்தான் இப்படி விக்குவான். தூக்குல துணிய."

தூக்கினேன். அப்போதுதான் என் முகத்தைத் தொட்டாள்.

"எப்பம்ல வந்த? சாப்ட்டியா?"

மூன்று நாளாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவனிடம் கேட்டாள் அக்கா.

காலைப் பற்றி அவளிடம் சொன்னேன். துணியைக் கையில் வைத்துக்கொண்டு உள்மூச்சிலேயே சொன்னேன், போகணும் என்று. "நீ சொன்னாச் சரி"ன்னு ஒரே வார்த்தை. இரண்டு மாதம் நீ கெஞ்சியது அந்த ஒரு வார்த்தைக்கு. நீ அடுக்களைக்குள் போய்விட்டாய். அழுதாய் என்று தெரியும். என்னைத் திட்டிக்கொண்டே அழுதிருப்பாய்.

கப்பலிலும் நன்றாகத்தான் இருந்தாள். இப்போது காய்ச்சலில் பழையபடி ஆகிவிட்டது. நான் சாதாரணமாகப் பேசினால், "தொரை, எம் மவன் வெளிய நிக்கான், கொஞ்சம் கூப்பிடுங்க" என்கிறாள். வெளியே போய், திரும்பி உள்ளே வந்து, மூச்சை இழுத்துப் பேசுகிறேன். உடனே அமைதியாகிவிடுகிறாள். காலையிலிருந்து அப்படியேதான் பேசிக்கொண்டிருக்கிறேன். தலை சுற்றுகிறது. நர்ஸ் எனக்கு ஆஸ்துமா என்று நினைத்து நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். நிறுத்தினால் அம்மா என்னைத் தேடுகிறாள். மூச்சு வெளியே விடும் நேரம் மட்டும் நான் அவளுக்கு இல்லாமல் போகிறேன்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. கூப்பிடுகிறாள். என்னைத்தான்.

அல்ஃபி


கேப்லின் ஆர்ம்
22 ஜனவரி 1974

அல்ஃபி,

ஒன் போன் வந்த மறுநாள் ஒன் கடுதாசி வந்துச்சு. அவளுக்கு நல்லாகும்னு நம்பி நீ எழுதுனத, எல்லாம் முடிஞ்ச பொறவு வாசிச்சேன். இத தபால் விமானக்காரன்கிட்டக் குடுத்து விடுதேன். நாளைக்குப் பனி கொட்டும்னு சொல்லுதான், நீ அம்மையோட எப்பம் வந்து எறங்குவியோ தெரியாது. வானம் தெளியுத வரைக்கும் நீங்க அங்கன, நாங்க இங்கன. மண்ணு கல்லாட்டம் ஒறைஞ்சு கெடக்கு. கார்லண்டும் செல்பியும் நெருப்புப் போட்டு எளக்கி எளக்கித் தோண்டுதாங்க. அப்பா பக்கத்துலயே.

நீலச் சட்டையத் தேச்சு இதோட அனுப்புதேன். அங்கன வேற எதையும் போட்டு விட்டுராத. கால் இல்லாட்டியும் ரெண்டு காலுக்கும் காலுற போட்டு விடச் சொல்லு. அவ கேப்பா.

ஒம்மேல எனக்கு இன்னும் கோவம் தீரல. தீருமான்னும் தெரியல. நீ மொதல் போன் போட்ட அன்னைக்கே அவ நம்பிருந்தா பாதத்தோட போயிருக்கும், இன்னைக்கு அடுப்புகிட்ட உக்காந்து என்னத் திட்டிக்கிட்டு இருந்திருப்பா. அத நான் மறக்கப் போறதில்ல, ஒன்னையும் மறக்க விட மாட்டேன். ஆனா அவ கண்ண மூடும்போது மவன் பக்கத்துல இருந்தான்னு நெனச்சுட்டுப் போனா. அது ஒன்னாலதான். ரெண்டையும் எந்தத் தராசுல போட்டு நிறுக்கதுன்னு எனக்குத் தெரியல.

ஒண்ணு சொல்லணும். அதுக்குத்தான் எழுதுதேன்.

ஞாயித்துக்கிழம மத்தியானம் கடைல ஆளு இருந்துச்சு. நான் மாவு வாங்கப் போயிருந்தேன். மணி அடிச்சுது. ஹேவர்ட் மாமா எடுத்தாரு. ஒரு வார்த்ததான் கேட்டிருப்பாரு, போன நெஞ்சோட வச்சுப் பொத்திக்கிட்டு என்னப் பாத்தாரு. "ஃபீனா, ஒந் தம்பி." நீ பேரச் சொன்னியான்னு நான் அப்பறமாக் கேட்டேன். இல்லன்னாரு. "மாமா, அக்காவக் கூப்பிடுங்க, அம்மை போயிட்டா"ன்னு மட்டும்தான் சொன்னானாம். "அப்படியே அவங்கப்பன் தொறைல நின்னு கூப்பிடுத மாதிரி இருந்துச்சு புள்ள, எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் ஓடல"ன்னு சொன்னாரு. அவரு கண்ணு கலங்கி நான் பாத்ததில்ல.

பொறவு நான் வாங்கிக் கேட்டேன். நீ அழுதுகிட்டே பேசுன. மூச்ச இழுத்துப் பேசல. சும்மா எல்லாரும் பேசுத மாதிரி வெளிய விட்டுத்தான் பேசுன. நீ கவனிச்சியோ இல்லியோ. அதுல தொரையும் இல்ல, ரேடியோக்காரனும் இல்ல. மொதல் போன் வந்த அன்னைக்கு அம்மை அந்த நீலச் சட்டையப் போட்டுகிட்டு, ரெண்டு கையாலயும் போன வாங்கிக் காதுல வச்சுக் காத்துகிட்டு இருந்தாளே, அந்தக் குரலுக்குத்தான் இருந்தா.

ரெண்டு மாசமா அத எங்கல வச்சிருந்த.

ஃபீனா